சிறு பதிப்பகத்தில் முதல் நூல்: எதை எதிர்பார்க்கலாம், எதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்

சிறு பதிப்பகம் என்பது பெரும்பாலும் ஒன்றிரண்டு பேர்தாம். கைப்பிரதியைப் படித்துத் தேர்ந்தெடுப்பவர், அதைச் செம்மைப்படுத்துபவர், அச்சகத்தில் விலை பேசுபவர், புத்தகக் கட்டுகளைத் தபாலில் சேர்ப்பவர், ஆண்டு முடிவில் ராயல்டிக் கணக்கு, அதாவது விற்பனையில் ஆசிரியருக்குச் சேரும் பங்கின் கணக்கு, எழுதுபவர் ஆகிய அனைவரும் அங்கே ஒரே ஆளாக இருப்பது சாதாரணம். முதல் நூலை அத்தகைய பதிப்பகத்திடம் ஒப்படைக்கும் எழுத்தாளர் எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்பதெல்லாம் இந்த ஒரு நிலைமையிலிருந்தே பிறக்கிறது. அந்த மனிதரின் கவனம் உங்கள் நூலுக்குக் கிடைக்கும். பெரிய நிறுவனத்தில் முதல் நூலாசிரியருக்கு அது அரிது. அதே சமயம் அவருடைய நேரமும் பணமும் அளவானவை, அவர் நோயில் விழுந்தாலோ ஊக்கம் இழந்தாலோ உங்கள் நூலும் நின்றுபோகும். ஆகவே கவனத்தை நன்றியோடு பெற்றுக்கொண்டு, அந்த மனிதர் இல்லாமற்போகும் நாளுக்கான ஏற்பாட்டை ஒப்பந்தத்தில் எழுதிவைப்பதே புதிய ஆசிரியர் செய்ய வேண்டிய வேலை.

அளவில் சிறியது என்பது குறையன்று. ஆங்கில எழுத்தாளர்களான லெனார்டு வுல்ஃபும் வர்ஜீனியா வுல்ஃபும் 1917இல் தங்கள் வீட்டிலேயே ஒரு சிறு கையச்சு இயந்திரத்தை வைத்து ஹோகார்த் பிரஸ்ஸைத் தொடங்கியபோது முதல் வெளியீடு சுமார் 150 பிரதிகளே அச்சாயிற்று. 2014இல் லண்டனில் தொடங்கிய ஃபிட்ஸ்கரால்டோ எடிஷன்ஸ், பத்தாண்டுக்குள் நோபல் பரிசு பெற்ற எழுத்தாளர்கள் சிலரின் ஆங்கிலப் பதிப்பாளராகிவிட்டது. பெரிய நிறுவனங்கள் விற்பனைக் கணக்குப் பார்த்து ஒதுக்கும் கவிதை, சிறுகதை, மொழிபெயர்ப்பு, சோதனை முயற்சிகள் ஆகியவற்றுக்குச் சிறு பதிப்பகங்களே வீடு. ஆனால் இவை உச்சங்கள். பெரும்பாலான சிறு பதிப்பக நூல்கள் சில நூறு பிரதிகள் விற்று, தமக்குரிய வாசகர்களைச் சென்றடைந்து, அமைதியாக இருந்துவிடுகின்றன. அந்த அளவு தமக்குப் போதுமா என்பதை ஆசிரியர் தமக்குள் முதலிலேயே தீர்மானித்துக்கொள்வது நல்லது.

பணம் எந்தப் பக்கம் போகிறது

தன் பணத்தைப் போட்டு நூலை அச்சிட்டு, விற்று, அந்த விற்பனையிலிருந்து மீள முயல்வது பதிப்பகம். ஆசிரியரிடம் பணம் பெற்று அச்சிட்டுக் கொடுப்பது அச்சுச் சேவை. இரண்டாவதில் இழிவு ஒன்றுமில்லை. குடும்ப வரலாற்றையோ, மிகச் சிறு வட்டத்துக்கான ஆய்வையோ நூலாக்க அதுவே நேரான வழி. அச்சுச் சேவை பதிப்பகத்தின் பெயர்ப்பலகையை மாட்டிக்கொண்டு, ‘தங்கள் கைப்பிரதி தேர்வாகியுள்ளது’ என்று கடிதம் எழுதி, அடுத்த கடிதத்தில் கட்டணப் பட்டியலை நீட்டும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. ஆசிரியரிடமே லாபத்தை எடுத்துவிட்ட நிறுவனத்துக்கு வாசகரைத் தேடிப் போக வேண்டிய தேவை இல்லை.

இந்தக் கட்டணம் பல உருவங்களில் வரும். செம்மையாக்கச் செலவு, அட்டை வடிவமைப்பில் பங்கு, விளம்பரத் தொகுப்பு என்பன வெளிப்படையானவை. ‘ஆசிரியர் குறைந்தது இத்தனை பிரதிகளை வாங்கிக்கொள்ள வேண்டும்’ என்ற நிபந்தனைதான் எளிதில் கண்ணில் படாதது. நேர்மையான சிறு பதிப்பாளர்கள் சிலரும் கைநெருக்கடியால் இப்படிக் கேட்பதுண்டு. கேட்டவுடன் ஏமாற்றுக்காரர் என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. ஒரே ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் போதும்: நீங்கள் கட்டாயமாக வாங்கும் பிரதிகளின் தொகை மொத்த அச்சுச் செலவுக்கு அருகில் வந்துவிட்டால், நூலுக்கு முதல் போட்டவர் நீங்கள். அப்போது பத்து விழுக்காடு ராயல்டிக்கு உடன்படுவதில் பொருளில்லை. லாபத்தில் பாதியையாவது கேளுங்கள், அல்லது விலகிக்கொள்ளுங்கள்.

கைப்பிரதி அனுப்பும் முன்பே அந்தப் பதிப்பகத்தின் இரண்டு நூல்களைக் காசு கொடுத்து வாங்கிப் படிப்பது எல்லாவற்றையும்விடப் பயனுள்ள விசாரணை. எழுத்துப் பிழை எவ்வளவு, கட்டு உறுதியா, முதுகில் தலைப்பு நேராக நிற்கிறதா, பதிப்புரிமைப் பக்கத்தில் ஆசிரியர் பெயரில் உரிமை இருக்கிறதா, எந்த நூலாவது மறுபதிப்புக் கண்டிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு அவர்களுடைய ஆசிரியர்களில் ஒருவரிடம் பேசுங்கள். சென்ற மாதம் நூல் வந்தவரிடம் பேசிப் பயனில்லை. அவர் இன்னும் மகிழ்ச்சியில் இருப்பார். மூன்று ஆண்டுகளுக்கு முன் நூல் வந்தவரிடம், கணக்கு ஒழுங்காக வருகிறதா, நூல் இன்னும் கிடைக்கிறதா, எழுதினால் பதில் வருகிறதா என்று கேளுங்கள்.

அனுப்புதலும் காத்திருத்தலும்

பல சிறு பதிப்பகங்கள் ஆண்டில் சில வாரங்கள் மட்டுமே கைப்பிரதிகளைப் பெற்றுக்கொள்கின்றன. அந்தக் காலத்துக்கு வெளியே அனுப்பினால் படிக்கப்படாமலே கிடக்கும். கேட்ட வடிவில், கேட்ட பக்க அளவில், ஒரு பக்கத்துக்கு மிகாத அறிமுகக் கடிதத்தோடு அனுப்புங்கள். அந்தக் கடிதத்தில் நூல் எதைப் பற்றியது, எவ்வளவு நீளம், ஏன் இந்தப் பதிப்பகத்துக்கு அனுப்புகிறீர்கள் என்பவை இருந்தால் போதும். ‘இதைப் படித்த நண்பர்கள் எல்லோரும் பாராட்டினார்கள்’ என்ற வரி எந்தப் பதிப்பாளரையும் அசைத்ததில்லை. பல பதிப்பகங்களுக்கு ஒரே நேரத்தில் அனுப்பலாமா என்பதை அவர்களுடைய விதிகளில் பாருங்கள். அனுமதி இருந்தால் அனுப்பலாம். ஓரிடத்தில் ஏற்கப்பட்டதும் மற்றவர்களுக்கு அன்றே தெரிவித்துவிட வேண்டும்.

பதில் வர மூன்று முதல் ஆறு மாதம் ஆவது வழக்கம், ஓராண்டும் ஆகலாம். அவர்கள் குறித்த காலம் கடந்தபின் மரியாதையாக ஒரு நினைவூட்டல் எழுதலாம். மறுப்பு வந்தால் அதை எழுத்தின் தரத்தைப் பற்றிய தீர்ப்பாகவே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆண்டுக்கு ஆறோ எட்டோ நூல்கள் வெளியிடும் இடத்தில், ஏற்கெனவே ஒத்த பொருளில் ஒரு நூல் வரிசையில் இருந்தாலே உங்களுடையது திரும்பிவிடும். ஏற்கப்பட்டபின் நூல் கைக்கு வர ஒன்பது மாதம் முதல் ஒன்றரை ஆண்டு வரை கணக்கிட்டுக்கொள்ளுங்கள். இரண்டு மாதத்தில் வெளியிட்டுவிடுகிறோம் என்று சொல்லும் பதிப்பகத்தை நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்; அந்த வேகத்தில் விடுபட்டுப்போவது எப்போதும் செம்மையாக்கம்தான்.

செம்மையாக்கம்

சிறு பதிப்பகத்திடமிருந்து ஒரு புதிய ஆசிரியருக்குக் கிடைக்கக்கூடிய மிகப் பெரிய பேறு இதுதான், கிடைக்குமானால். நூலைத் தேர்ந்தெடுத்தவரே செம்மையும் செய்கிறார். அவருக்கு அந்த நூலின் மேல் விருப்பம் இருந்ததால்தான் தேர்ந்தெடுத்தார். ஆகவே ஒப்பந்தத்துக்கு முன்பே கேளுங்கள்: யார் செம்மை செய்யப்போகிறார், எத்தனை சுற்று, கருத்து வேறுபட்டால் இறுதிச் சொல் யாருடையது? ‘நாங்கள் பிழை திருத்திவிடுவோம்’ என்ற பதில் மட்டும் வந்தால், அங்கே நடப்பது மெய்ப்புத் திருத்தம்தான் என்று புரிந்துகொள்ளலாம். மெய்ப்புத் திருத்தமும் வேண்டியதே. ஆனால் அது வேறு வேலை.

நல்ல செம்மையாளர் முதல் சுற்றில் கட்டமைப்பைப் பார்ப்பார். மூன்றாம் அத்தியாயம் முதலாவதாக வர வேண்டுமா, இந்தக் கிளைக்கதை இல்லாமலே நூல் நிற்குமா என்ற வகைக் கேள்விகள் அப்போது எழும். அடுத்த சுற்றில் வரிவரியாக மொழியைப் பார்ப்பார். திரும்பி வரும் பிரதியின் ஓரத்தில் இப்படியான குறிப்புகள் இருக்கும்: ‘இரண்டாம் அத்தியாயத்தில் இவள் ஒரே பிள்ளை, ஏழாம் அத்தியாயத்தில் அண்ணன் வருகிறான்.’ ‘மழை நின்ற பிறகுதானே புறப்பட்டார்கள்? இங்கே மீண்டும் குடை.’ ‘அழகான வரி, ஆனால் இதே உவமை 34ஆம் பக்கத்திலும் உண்டு, ஒன்றை எடுத்துவிடலாமா?’ ‘இந்தப் பத்தியை நீக்கிப் படித்துப் பார்த்தேன், எதுவும் குறையவில்லை.’ கடைசிக் குறிப்புதான் வலிக்கும். அதற்கு உடனே பதில் எழுதாமல் ஓரிரு நாள் விட்டு, அவர் சொன்னபடியே பத்தியை நீக்கி உரக்கப் படித்துப் பாருங்கள்.

குறிப்புகள் எல்லாவற்றையும் ஏற்க வேண்டியதில்லை. எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டும். ‘அப்படியே இருக்கட்டும், ஏனென்றால் அவள் பொய் சொல்கிறாள் என்பது பின்னால் தெரியவரும்’ என்று காரணத்தோடு மறுத்தால் எந்தச் செம்மையாளரும் வருந்த மாட்டார். பெரும்பாலும் அத்தகைய மறுப்பிலிருந்தே, அந்தக் காரணம் பிரதியில் வாசகருக்குத் தெரியும்படி இல்லை என்பது இருவருக்கும் விளங்கும். ஒரு நடைமுறை எச்சரிக்கையும் உண்டு. ஒரே நேரத்தில் ஒரே ஒரு கோப்பு மட்டும் புழக்கத்தில் இருக்கட்டும். அவர் திருத்திக்கொண்டிருக்கும்போது நீங்கள் பழைய கோப்பில் இன்னொரு சுற்று மெருகு ஏற்றி அனுப்பினால், இரண்டையும் சேர்ப்பதற்குள் இருவரின் பொறுமையும் போய்விடும்.

பக்க வடிவமைப்பு முடிந்து மெய்ப்பு, அதாவது அச்சுக்கு முன் சரிபார்க்கத் தரும் பக்கங்கள், வந்தபின் நிலைமை மாறிவிடுகிறது. அது பிழை பார்க்கும் நேரமேயன்றி எழுதும் நேரமன்று. 40ஆம் பக்கத்தில் இரண்டு வரி சேர்த்தால் அவை அடுத்த பக்கத்துக்குத் தள்ளும், அது அதற்கடுத்ததைத் தள்ளும், அத்தியாய முடிவுவரை பக்கங்கள் நகரும்; நூலின் இறுதியில் சொல்லடைவு இருந்தால் அதன் எண்களும் பொய்யாகும். இதனால்தான் மெய்ப்பு நிலையில் ஆசிரியர் செய்யும் மாற்றங்கள் அச்சுக்கோப்புச் செலவில் குறிப்பிட்ட விழுக்காட்டை, பெரும்பாலும் பத்தை, மீறினால் அந்த மிகைச் செலவை ஆசிரியரே ஏற்க வேண்டும் என்று பல ஒப்பந்தங்களில் எழுதுகிறார்கள். மெய்ப்பைத் திரையில் பார்ப்பதைவிடத் தாளில் அச்செடுத்து, ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பு வரி, பக்க எண், பொருளடக்க எண்கள், அடிக்குறிப்பு எண்கள், வரி முடிவில் தவறான இடத்தில் உடையும் சொற்கள், திறந்து மூடாத மேற்கோள் குறிகள் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒருமுறை பார்ப்பது நல்லது. ஆசிரியர் பெயரும் அட்டையும் எல்லோரும் பார்த்தார்கள் என்ற நம்பிக்கையில் யாரும் பார்க்காமல் விடுபடும் இடங்கள்.

அச்சும் அட்டையும்

ஆஃப்செட் அச்சில் தகடு தயாரிக்கும் செலவு முதலிலேயே வந்துவிடுவதால், அதிகப் பிரதி அச்சிட்டால்தான் ஒரு பிரதியின் அடக்கவிலை குறையும். விற்காதவை கிடங்கில் கிடக்கும். கேட்கும்போது மட்டும் அச்சிடும் பிரிண்ட் ஆன் டிமாண்ட் முறை 1990களின் இறுதியில் வணிகமாக வளர்ந்தது. அதில் ஒரு பிரதியின் அடக்கவிலை கூடுதல், ஆனால் தேங்கும் சரக்கு இல்லை. சிறு பதிப்பகங்கள் பலவும் இன்று இரண்டையும் கலந்தே செய்கின்றன. முதல் பதிப்பு 300 முதல் 1,000 பிரதிக்குள் இருந்தால் வியப்படைய வேண்டாம்.

ஆஃப்செட்டில் பக்கங்கள் பாரம் பாரமாக, வழக்கமாகப் பதினாறு பதினாறாக, மடிக்கப்படுகின்றன. உங்கள் நூல் 205 பக்கம் வந்தால் 208இல் அடங்கும், கடைசியில் மூன்று பக்கம் வெற்றாக நிற்கும். 211 வந்துவிட்டால் 224க்குப் போக வேண்டும்; பதிமூன்று வெற்றுப் பக்கத்துக்குத் தாள் வாங்குவதற்குப் பதில், மூன்று பக்கம் குறைக்க முடியுமா என்று பதிப்பாளர் கேட்பார். கேட்டால் அது உங்கள் எழுத்தைப் பற்றிய கருத்தன்று, தாள் கணக்கு.

அட்டையில் இறுதி முடிவு பதிப்பகத்துடையது என்றே பெரும்பாலான ஒப்பந்தங்கள் சொல்லும். ‘ஆசிரியரைக் கலந்து’ என்ற இரண்டு சொற்களைச் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம், நல்லவர்கள் மறுப்பதில்லை. பின்னட்டைக் குறிப்பை நீங்களே ஒரு வரைவு எழுதிக் கொடுத்துவிடுவது உத்தமம். நூலை உலக அளவில் அடையாளம் காட்டும் ஐஎஸ்பிஎன் எண்ணைப் பதிப்பகம் பெற்றுத் தரும். 2007 முதல் அது 13 இலக்கம். அந்த எண்ணுக்குள்ளேயே பதிப்பாளரைக் குறிக்கும் இலக்கங்கள் இருப்பதால், யார் பெயரில் எண் வாங்கப்பட்டிருக்கிறது என்பது அந்த நூலின் பதிப்பாளர் யார் என்பதற்கும் அடையாளம்.

ராயல்டிக் கணக்கு

சிறு பதிப்பகத்தில் முன்பணம் பெரும்பாலும் இருக்காது. இருந்தாலும் அடையாளத் தொகையாகவே இருக்கும். அதற்கு ஈடாக ராயல்டி விழுக்காடு சில வேளைகளில் பெரிய நிறுவனங்களைவிடக் கூடுதலாகக் கிடைக்கும், குறிப்பாக மின்னூலுக்கு. ஆனால் விழுக்காட்டைவிட முக்கியமானது அது எதன்மேல் கணக்கிடப்படுகிறது என்பது. அட்டை விலையின்மேல் பத்து விழுக்காடும், நிகர வரவின்மேல் பத்து விழுக்காடும் ஒன்றல்ல. நூலின் விலை 100 என்று கொள்வோம். முதலாவதில் ஒரு பிரதிக்கு 10 வரும். கடைக்கும் விநியோகஸ்தருக்கும் சேர்த்து 50 விழுக்காடு கழிவு போனால் பதிப்பகத்தின் கைக்கு வருவது 50. இரண்டாவதில் உங்களுக்கு 5.

இனி ஒரு முழு ஆண்டறிக்கையைப் பார்ப்போம். அச்சிட்டவை 500. ஆசிரியருக்கு இலவசமாக 15, மதிப்புரைக்கும் நூலகச் சட்டப்படி ஒப்படைக்க வேண்டியவைக்கும் 35. விற்பனைக்கு எஞ்சியவை 450. கடைகளுக்கு அனுப்பியவை 320, அவற்றில் திரும்பிவந்தவை 70. நிகர விற்பனை 250. இன்னும் திரும்பிவரக்கூடும் என்பதற்காக நிறுத்திவைத்தது 20 விழுக்காடு, அதாவது 50 பிரதி. ஆக, இந்த ஆண்டு ராயல்டி 200 பிரதிக்கு. அட்டை விலைக் கணக்கில் 2,000. நிகர வரவுக் கணக்கில் 1,000. வேறு வகையில் சொன்னால், ஓராண்டு உழைப்புக்குப் பிறகு வருவது உங்கள் நூலின் இருபது பிரதிகளின் விலை, அல்லது பத்துப் பிரதிகளின் விலை. இருப்பு 200. எழுத்தை நம்பி வேலையை விடலாமா என்று கேட்பவர்களுக்கு இந்த எண்களைக் காட்டுவதே போதும்.

அறிக்கை எந்த மாதம் வரும், நிறுத்திவைக்கும் பங்குக்கு உச்சவரம்பு எவ்வளவு, அது எத்தனை காலத்தில் விடுவிக்கப்படும், கணக்கில் ஐயம் இருந்தால் பதிவேடுகளைப் பார்வையிட உங்களுக்கு உரிமை உண்டா என்பவற்றை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். பூச்சியம் விற்றிருந்தாலும் அறிக்கை வர வேண்டும். பணம் வராததைவிட அறிக்கை வராததே மோசமான அறிகுறி என்பது என் கருத்து. பணம் இல்லாதவர் அறிக்கையாவது அனுப்ப முடியும், கணக்கே வைக்காதவரால் எதையும் அனுப்ப முடியாது.

கடைக்குப் போகும் வழி

புதிய ஆசிரியர்களின் ஏமாற்றம் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது. நூல் எல்லாக் கடைகளிலும் இருக்கும் என்று நினைக்கிறார்கள்; இருக்காது. கடையிலும் இணையக் கடைகளிலும் நூலை வைக்க விநியோகஸ்தர் தேவை, அவருக்கும் கடைக்கும் சேர்த்துப் பட்டியல் விலையில் ஏறத்தாழ பாதி போய்விடும். அதன் மேலும் விற்காததைத் திருப்பி அனுப்பும் வழக்கம் இருக்கிறது. 1930களின் பொருளாதார மந்தத்தின்போது, தயங்கிய கடைக்காரர்களைப் புத்தகம் வாங்க வைப்பதற்காக அமெரிக்கப் பதிப்பாளர்கள் கொடுத்த சலுகை அது; மந்தம் போய்விட்டது, வழக்கம் நிலைத்துவிட்டது. ஒரு கடை நூறு பிரதி வாங்கிய செய்தி வந்தால் மகிழலாம், ஆனால் ஆறு மாதம் கழித்து அதில் அறுபது, மூலை மடங்கிய நிலையில் திரும்பி வரக்கூடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

பதிப்பகமே நலமாக இருந்தாலும் விநியோகச் சங்கிலி அறுந்துபோவதுண்டு. அமெரிக்காவில் 1969 முதல் இயங்கிவந்த ஸ்மால் பிரஸ் டிஸ்ட்ரிபியூஷன் நிறுவனம் 2024 மார்ச்சில் திடீரென்று மூடப்பட்டபோது, அதை நம்பியிருந்த சுமார் 400 சிறு பதிப்பகங்கள் வரவேண்டிய பணத்துக்கும் கிடங்கில் இருந்த நூல்களுக்கும் அலைய நேர்ந்தது. ஆகவே ‘உங்கள் விநியோகஸ்தர் யார்?’ என்று கேட்பதோடு, நேரடி விற்பனை எவ்வளவு என்றும் கேளுங்கள். சொந்த இணையதளம், சந்தாதாரர்கள், புத்தகக் கண்காட்சி அரங்கு, வாசிப்பு நிகழ்ச்சிகள் ஆகியவற்றின் வழியே கணிசமாக விற்கும் பதிப்பகம், கடைகளை மட்டும் நம்பும் பதிப்பகத்தைவிட நிலையானது.

விளம்பரத்தில் அவர்களால் செய்யக்கூடியது சுருக்கமாகவே இருக்கும்: வெளியீட்டுக்கு மூன்று நான்கு மாதம் முன்பு மதிப்புரையாளர்களுக்குப் பிரதி அனுப்புவது, சமூக ஊடக அறிவிப்பு, ஒரு வெளியீட்டு நிகழ்வு, பரிசுகளுக்கு அனுப்புவது. கடைசியதை மறக்காமல் எழுத்தில் பெறுங்கள். புக்கர் போன்ற பரிசுகளுக்குப் பதிப்பகம்தான் நூலை அனுப்ப முடியும், ஆசிரியர் தாமே அனுப்ப இயலாது. மற்றவை பெரும்பாலும் உங்கள் தோளில்தான். நிகழ்ச்சிகளில் விற்க ஆசிரியர் பிரதிகளை என்ன கழிவில் தருவார்கள், அவற்றை மறுவிற்பனை செய்யலாமா, அவற்றுக்கும் ராயல்டி உண்டா என்று கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தத்தில் நிறுத்திப் படிக்க வேண்டிய இடங்கள்

பதிப்புரிமை எழுதியவுடனே எழுதியவருக்கு வந்துவிடுகிறது. 1886ஆம் ஆண்டின் பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளில் அதற்குப் பதிவு எதுவும் தேவையில்லை. பதிப்பகத்துக்கு நீங்கள் தருவது பதிப்புரிமையன்று, அதன்கீழ் நூலை வெளியிடும் அனுமதி மட்டுமே. ‘பதிப்புரிமையை மாற்றித் தருகிறேன்’ என்ற வாசகம் இருந்தால் அங்கேயே நிறுத்திவிட்டுக் கேளுங்கள்.

எந்தெந்த உரிமைகள் என்பது அடுத்தது. அச்சு, மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்படம் என எல்லாவற்றையும் ஒரே வரியில் அள்ளிக்கொள்ளும் ஒப்பந்தங்கள் உண்டு, பெரும்பாலும் பேராசையால் அல்ல, எங்கிருந்தோ நகலெடுத்த படிவத்தால். அவர்களால் பயன்படுத்தக்கூடிய உரிமைகளை மட்டும் கொடுங்கள். ஒலிநூலே வெளியிட்டிராத பதிப்பகத்துக்கு ஒலி உரிமை எதற்கு? விட்டுக்கொடுக்க மறுத்தால், ஈராண்டுக்குள் பயன்படுத்தாத உரிமை தானாகவே ஆசிரியரிடம் திரும்பும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். மொழிபெயர்ப்பு, திரைப்படம் போன்ற துணை உரிமைகளின் வருவாயில் பாதிக்குக் குறையாமல் உங்களுக்கு வர வேண்டும்.

காலம். பதிப்புரிமை நீடிக்கும் காலம் முழுவதற்கும் என்பதைவிட மூன்று முதல் ஏழு ஆண்டுக்கு என்று எழுதிப் புதுப்பித்துக்கொள்வது சிறு பதிப்பகத்துக்கு ஏற்றது. அதோடு, கைப்பிரதியை ஒப்படைத்து இத்தனை மாதத்துக்குள் நூல் வெளிவரவில்லையெனில் உரிமை திரும்பும் என்றும் இருக்க வேண்டும். ஏற்கப்பட்டு ஆண்டுக்கணக்கில் வரிசையிலேயே நிற்கும் நூல்கள் குறைவல்ல. அச்சில் இல்லாத நூலின் உரிமை திரும்பும் என்ற பழைய விதி இன்று போதாது. கேட்டவுடன் அச்சிடும் முறையும் மின்னூலும் வந்தபின் எந்த நூலும் ‘அச்சில் இல்லை’ என்ற நிலையை அடைவதேயில்லை. ஒருவரும் வாங்காமலே அது இணையப் பட்டியலில் என்றென்றும் இருந்துகொண்டிருக்கும். ஆகவே அந்த விதியை விற்பனை எண்ணோடு கட்டுங்கள்: தொடர்ந்து பன்னிரண்டு மாதத்தில் இத்தனை பிரதிக்குக் கீழே விற்றால், ஆசிரியர் எழுத்தில் கேட்டவுடன் உரிமை திரும்பும்.

அடுத்த நூலையும் அவர்களுக்கே முதலில் காட்ட வேண்டும் என்ற விதி இருந்தால், ஒரே ஒரு நூலுக்கு, ஒரே வகைமைக்கு, அறுபது நாள் போன்ற காலக்கெடுவுக்குள் என்று சுருக்குங்கள். நூலில் அவதூறோ பிறர் உரிமை மீறலோ இல்லை என்று நீங்கள் உறுதியளிக்கும் பகுதியைக் கவனமாகப் படியுங்கள். ஒரு பாடல் வரியை மேற்கோள் காட்டியிருந்தால்கூட அதற்கான அனுமதி பெறுவது வழக்கமாக ஆசிரியர் பொறுப்பு. இவற்றை எல்லாம் கேட்பது மரியாதைக் குறைவு என்று புதியவர்கள் தயங்குகிறார்கள். ஒப்பந்தத்தை வாசித்துக் கேள்வி கேட்கும் ஆசிரியரைக் கண்டு முகம் சுளிக்கும் பதிப்பாளர், பின்னர் கணக்குக் கேட்டாலும் முகம் சுளிப்பார். முடிந்தால் எழுத்தாளர் சங்கம் ஒன்றிடமோ வழக்கறிஞரிடமோ ஒருமுறை காட்டிவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

பதிப்பகம் மௌனமாகும்போது

பதில்கள் தாமதமாகும், அறிக்கை ஒரு பருவம் தவறும், இணையதளத்தில் நூல் ‘இருப்பில் இல்லை’ என்று காட்டும். பெரும்பாலும் இது வஞ்சகமன்று, அந்த ஒற்றை மனிதருக்கு ஏதோ நேர்ந்திருக்கிறது. முதலில் நலம் விசாரித்து ஒரு கடிதம் எழுதுங்கள். பதில் இல்லையெனில், ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவின்படி எந்த அறிக்கை வர வேண்டும் என்று குறிப்பிட்டு, முப்பது நாள் கெடு வைத்து, பெற்றுக்கொண்டதற்கான சான்று கிடைக்கும் வழியில் அனுப்புங்கள். அதன் பிறகு உரிமையைத் திரும்பக் கோரும் கடிதம். பதிப்பகம் திவாலானால் உரிமை தானாகத் திரும்பும் என்ற வரி ஒப்பந்தத்தில் இருந்தாலும், சில நாடுகளின் திவால் சட்டத்தின் முன் அது நிற்காது. உங்கள் ஒப்பந்தம் பதிப்பகத்தின் சொத்தாகக் கருதப்பட்டு வேறொருவருக்கு விற்கப்படவும் கூடும். எனவேதான் கடன்காரர்கள் வரும் முன்பே, விற்பனைக் குறைவையோ அறிக்கை தவறியதையோ காரணமாகக் காட்டி உரிமையை மீட்டுக்கொள்வது முக்கியமாகிறது.

உரிமை திரும்பியதை உறுதிசெய்து பதிப்பகம் கையொப்பமிட்ட ஒரு பக்கக் கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். நூலை மீண்டும் வெளியிட நினைக்கும் அடுத்த பதிப்பாளர் முதலில் அதைத்தான் கேட்பார். அதோடு, மீதமிருக்கும் பிரதிகளை அடக்கவிலைக்கு வாங்கிக்கொள்ளும் வாய்ப்பையும் கேளுங்கள். இறுதியாகச் செம்மைப்படுத்திய கோப்பு உங்களிடம் இருக்க வேண்டும், நீங்கள் முதலில் அனுப்பிய பழைய கோப்பு மட்டும் இருந்தால் செய்த திருத்தங்கள் எல்லாம் வீண். அட்டை ஓவியத்தின் உரிமை ஓவியரிடமோ பதிப்பகத்திடமோ இருக்கும். பழைய அட்டையை அப்படியே பயன்படுத்தத் தனி அனுமதி வேண்டும். இணையக் கடைகளிலிருந்து பழைய மின்னூலை நீக்கச் சொல்லி, நீக்கிவிட்டார்களா என்று நீங்களே தேடிப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். புதிய பதிப்பாளர் நூலுக்குப் புதிய ஐஎஸ்பிஎன் எண்ணைப் பெறுவார். பழைய எண் பழைய பதிப்போடு நின்றுவிடும்.